பெரிய இலக்கு, சிறிய படை: 2003 இராக் போர் முடிவான விதம்

2003 பிப்ரவரி 25. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு முன்பு தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி உட்கார்ந்திருந்தார். இராக்கைப் பிடித்த பிறகு அங்கே ஒழுங்கைக் காக்க எவ்வளவு படை வேண்டியிருக்கும் என்று செனட்டர் கார்ல் லெவின் கேட்டார். துல்லியமாகக் களத் தளபதிகள்தான் சொல்ல முடியும் என்று ஷின்செகி நழுவப் பார்த்தார். லெவின் விடவில்லை, தோராயமாகவாவது சொல்லுங்கள் என்றார். சில லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று பதில் வந்தது. பெரிய நிலப்பரப்பு, உள்ளே இனப் பூசல்கள், சாப்பாடு தண்ணீர் விநியோகம் என்று காரணங்களையும் அடுக்கினார்.

இரண்டே நாளில் பதிலடி கிடைத்தது. பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில், பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டுக்கு அடுத்த இடத்தில் இருந்த பால் வுல்ஃபோவிட்ஸ், பிரதிநிதிகள் சபையின் பட்ஜெட் குழுவில் பேசும்போது அந்த எண்ணிக்கை உண்மைக்கு வெகுதூரம் என்று தள்ளிவிட்டார். சதாமின் படையைத் தோற்கடிக்கத் தேவைப்படுவதைவிட, அவர் போன பிறகு நாட்டைக் கட்டிக் காக்க அதிகப் படை வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்றார். பாஸ்னியாவில் நடந்தது போன்ற இன மோதல் வரலாறு இராக்குக்குக் கிடையாது என்பதும் அவர் வாதத்தில் இருந்தது.

இதை எண்ணிக்கைத் தகராறாக மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. ஒரு நாடு தன் படையை எப்போது, எதற்காக, எந்த அளவில் வெளியே அனுப்பலாம் என்ற கேள்வியில் வாஷிங்டனில் குறைந்தது நான்கு தரப்புகள் இருபது வருடமாக மோதிக்கொண்டிருந்தன. அந்த மோதலின் கடைசிச் சுற்று இது. இராக் போரைப் பற்றிப் பேசும்போது 'நியோகான்கள் தப்பு, யதார்த்தவாதிகள் சரி' என்று சுருக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. கொடுங்கோலர்களைப் படை கொண்டாவது அகற்றி ஜனநாயகத்தைக் கொண்டுவர வேண்டும் என்பவர்கள் நியோகான்கள்; நாட்டின் நலனையும் எதிரியின் பலத்தையும் வைத்தே கணக்குப் போடுபவர்கள் யதார்த்தவாதிகள். எனக்கு அந்தச் சுருக்கம் போதவில்லை. புஷ் அரசு ஒரு தரப்பின் கொள்கையை முழுசாக எடுத்துக்கொண்டு தோற்கவில்லை. ஒரு தரப்பிடமிருந்து இலக்கை எடுத்தது. அந்த இலக்கில் நம்பிக்கையே இல்லாத இன்னொரு தரப்பிடமிருந்து படையின் அளவை எடுத்தது. இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டு பாக்தாத்துக்குப் போனது.

பெய்ரூட்டிலிருந்து குவைத் வரை

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1983 அக்டோபர் 23 அன்று லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் அமெரிக்க மரீன்கள் தங்கியிருந்த கட்டடத்தின் மீது வெடிகுண்டு லாரி மோதியது. 241 அமெரிக்கப் படையினர் செத்தார்கள். அவர்கள் அங்கே எதற்காக இருந்தார்கள் என்பதற்கு ரீகன் அரசிடம் தெளிவான பதில் இல்லை. அமைதி காக்கப் போனவர்கள், உள்நாட்டுப் போரில் ஒரு பக்கமாகப் பார்க்கப்பட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து, 1984 நவம்பரில், பாதுகாப்புச் செயலர் காஸ்பர் வைன்பெர்கர் ஒரு உரையில், படையை வெளியே அனுப்பும் முன் பார்க்க வேண்டிய ஆறு சோதனைகளை முன்வைத்தார். நாட்டின் உயிர்நாடியான நலன் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். இறங்கினால் வெல்லும் எண்ணத்தோடு முழுசாக இறங்க வேண்டும். அரசியல் இலக்கும் ராணுவ இலக்கும் தெளிவாக இருக்க வேண்டும். இலக்குக்கும் படை அளவுக்கும் உள்ள பொருத்தத்தை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். மக்களும் காங்கிரஸும் (அமெரிக்க நாடாளுமன்றம்) பின்னால் நிற்பார்கள் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். படை கடைசி வழியாக இருக்க வேண்டும். வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் ஷுல்ட்ஸுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. பலம் பின்னால் இல்லாத ராஜதந்திரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள், இத்தனை நிபந்தனை போட்டால் படை இருந்தும் இல்லாத மாதிரிதான் என்பது அவர் வாதம். போர்த்துறையை நடத்துபவர் போருக்குத் தயங்க, ராஜதந்திரத்தை நடத்துபவர் படையை அனுப்பச் சொன்ன இந்த விசித்திரம் வாஷிங்டனில் பல முறை திரும்பி வந்திருக்கிறது.

வைன்பெர்கரின் ராணுவ உதவியாளராக அப்போது இருந்தவர் காலின் பவல். வியட்நாமில் இரண்டு முறை பணியாற்றியவர். 1991 வளைகுடாப் போரின்போது முப்படைத் தலைமையின் தலைவராக இருந்த அவர், அந்தச் சோதனைகளோடு இன்னொன்றையும் சேர்த்தார்: போனால் எதிரி மூச்சுவிட முடியாத அளவு படையோடு போக வேண்டும், எப்படி வெளியே வருவது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். சுமார் 5 லட்சம் அமெரிக்கப் படையினர் வளைகுடாவில் குவிக்கப்பட்டார்கள். தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்தது. இராக் பிடித்திருந்த குவைத்தை மீட்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

பாக்தாத்துக்குப் போகாதது ஏன்? அப்போது அதிபராக இருந்த பெரிய புஷ்ஷும் (2003-ல் அதிபராக இருந்த புஷ்ஷின் அப்பா) அவருடைய தேசப் பாதுகாப்பு ஆலோசகர் பிரென்ட் ஸ்கோக்ராஃப்டும் யதார்த்தவாதிகள். இராக் உடைந்தால் ஈரானுக்குக் கொண்டாட்டம், அரபு நாடுகளின் கூட்டணி சிதறும், ஆளத் தெரியாத நாட்டை ஆள வேண்டி வரும் என்று கணக்குப் போட்டார்கள். அப்போது பாதுகாப்புச் செயலராக இருந்தவர் டிக் செனி. அவரே 1994-ல் ஒரு பேட்டியில், பாக்தாத்துக்குப் போயிருந்தால் புதைகுழியில் மாட்டியிருப்போம், இராக் துண்டு துண்டாகியிருக்கும் என்று விளக்கமாகச் சொன்னார். ஒன்பது வருடம் கழித்து, துணை அதிபராக, அதே போரை முன்னின்று நடத்தியவரும் அவர்தான்.

1991-ல் இலக்கு சிறியது, படை பெரியது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்துக்கும் நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமல் நியோகான்களைக் கேலிச்சித்திரமாக வரைவது சுலபம். பெரிய புஷ், இராக்கியர்களே சதாமை விரட்ட வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியிருந்தார். அதை நம்பி 1991 மார்ச்சில் தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் எழுந்தார்கள். போர்நிறுத்தப் பேச்சில் இராக் ஹெலிகாப்டர்கள் பறக்க அமெரிக்கத் தரப்பு அனுமதி கொடுத்திருந்தது. சதாம் அவற்றைக் கொண்டே எழுச்சியை நசுக்கினார். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கப் படை வேடிக்கை பார்த்தது. அந்தச் சமயம் பென்டகனில் கொள்கைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வுல்ஃபோவிட்ஸுக்கு அது ஆறாத புண்ணாக நின்றது. கொடுங்கோலனை விட்டுவைத்து எல்லையை மட்டும் காப்பது நிலைத்தன்மையும் இல்லை, நேர்மையும் இல்லை என்ற வாதம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

ஒரே சாலைக்கு வந்த இரு கட்சிகள்

1990-களில் மூன்றாவது தரப்பு பலம் பெற்றது. தாராளவாதத் தலையீட்டாளர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். 1994-ல் ருவாண்டாவில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது உலகம் கைகட்டி நின்றது. 1995-ல் பாஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஐ.நா. பாதுகாப்பு வலயத்துக்குள்ளேயே சுமார் 8,000 பேர் கொல்லப்பட்டார்கள். இனி அப்படி விடக் கூடாது என்ற மனநிலையில் 1999-ல் கொசோவோவுக்காக யூகோஸ்லாவியா மீது நேட்டோ 78 நாள் குண்டு வீசியது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லாமல்தான் வீசியது. அந்தக் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் சிகாகோவில் பேசி, ஒரு நாட்டின் உள்விவகாரம் என்று சொல்லி இனப்படுகொலையை மறைக்க முடியாது என்ற கருத்துக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார்.

நியோகான்களும் இந்தத் தாராளவாதிகளும் உள்நாட்டு அரசியலில் எண்ணெயும் தண்ணீருமாக இருந்தவர்கள். ஆனால் இறையாண்மை என்பது கொடுங்கோலனுக்குக் கேடயம் ஆகக் கூடாது என்பதில் ஒன்று சேர்ந்தார்கள். யார் அனுமதியோடு, யாரோடு சேர்ந்து என்பதில்தான் வேறுபாடு. 1998 ஜனவரியில் ரம்ஸ்ஃபெல்டு, வுல்ஃபோவிட்ஸ், பிரான்சிஸ் ஃபுகுயாமா, ரிச்சர்டு ஆர்மிடேஜ் உள்ளிட்ட 18 பேர், சதாமை அகற்றுவதே கொள்கையாக வேண்டும் என்று கிளின்டனுக்குக் கடிதம் எழுதினார்கள். அதே வருடம் அக்டோபரில், ஆட்சி மாற்றத்தை அமெரிக்காவின் கொள்கையாக அறிவிக்கும் சட்டத்தில் கிளின்டனே கையெழுத்துப் போட்டார். செனட்டில் எதிர்ப்பே இல்லை. புஷ் பதவிக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே இது நடந்துவிட்டது.

2000 தேர்தலில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பேசியது இதற்கு நேர் எதிர். அமெரிக்கா பணிவோடு நடந்துகொள்ள வேண்டும், நம் படைகளை நாடு கட்டும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றார். அவருடைய ஆலோசகர் கோண்டலீசா ரைஸ் ஸ்கோக்ராஃப்டின் பட்டறையிலிருந்து வந்தவர். அதனால் யதார்த்தவாதிகள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அதை மாற்றியது.

நான்காவது தரப்பைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அது டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டு. 1998 கடிதத்தில் கையெழுத்து இருந்தாலும் அவர் ஜனநாயகம் பரப்பப் புறப்பட்டவர் கிடையாது. அவருக்கு இருந்த வெறி வேறு: பனிப்போர் காலத்துப் பெருத்த ராணுவத்தை, சின்னதாக, வேகமாக, குறி தப்பாத குண்டுகளோடு இயங்கும் ராணுவமாக மாற்ற வேண்டும். 2001 கடைசியில் ஆப்கானிஸ்தானில் சில நூறு சிறப்புப் படையினர், சி.ஐ.ஏ. ஆட்கள், வான்படை, உள்ளூரில் தாலிபானை எதிர்த்த வடக்குக் கூட்டணி என்ற சேர்க்கையில் நவம்பர் 13-க்குள் காபூல் விழுந்தது. ரம்ஸ்ஃபெல்டு சொன்னது நிரூபணமான மாதிரி ஆகிவிட்டது.

2002 ஆகஸ்ட், செப்டம்பர்

இந்த இரண்டு மாதங்களில்தான் தரப்புகள் வெளிப்படையாக மோதின. ஆகஸ்ட் 5 அன்று பவல், இப்போது வெளியுறவுச் செயலராக, புஷ்ஷோடு இரவு உணவில் உட்கார்ந்து தன் கவலைகளைச் சொன்னார். அந்த நாட்டைப் பிடித்தால் 2.5 கோடி மக்களுக்கு நீங்கள் பொறுப்பாவீர்கள், அவர்களுடைய பிரச்சினை எல்லாம் உங்கள் பிரச்சினையாகும் என்பது சாரம். ஆகஸ்ட் 15 அன்று ஸ்கோக்ராஃப்ட், சதாமைத் தாக்காதீர்கள் என்று பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அப்பாவின் நெருங்கிய நண்பர் மகனுக்குப் பொதுவெளியில் சொன்ன புத்திமதி அது. ஆகஸ்ட் 26 அன்று செனி, சதாமிடம் இப்போது பேரழிவு ஆயுதங்கள் இருப்பதில் சந்தேகமே இல்லை என்று முன்னாள் படைவீரர்கள் கூட்டத்தில் பேசி எதிர்த்திசையில் கதவைச் சாத்தினார். அரசுக்குள் விவாதம் முடியாமல் இருந்தபோதே துணை அதிபர் முடிவைச் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 26 அன்று நியூயார்க் டைம்ஸில் ஒரு விளம்பரம் வந்தது. கென்னத் வால்ட்ஸ், ஜான் மியர்ஷைமர், ஸ்டீவன் வால்ட், ராபர்ட் ஜெர்விஸ், தாமஸ் ஷெல்லிங் உட்பட 33 சர்வதேச உறவுப் பேராசிரியர்கள் கையெழுத்திட்டது. இராக்கோடு போர் அமெரிக்காவின் தேச நலனில் இல்லை என்பதே தலைப்பு. சதாமைத் தடுத்து நிறுத்தி வைக்க முடியும், அல் கொய்தாவோடு அவர் சேர்ந்து வேலை செய்ததற்கு நம்பகமான சான்று இல்லை, எளிதாக வென்றாலும் வெளியே வர வழி இருக்காது, பிளவுபட்ட அந்தச் சமூகத்தைப் பல வருடம் ஆக்கிரமித்துக் காவல் காக்க வேண்டி வரும் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். இன்று படித்தால் நடந்ததைப் பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருக்கிறது. துறையின் மிகப் பெரிய பெயர்கள் பத்திரிகையில் காசு கொடுத்து இடம் வாங்கித்தான் இதைச் சொல்ல முடிந்தது என்பது அந்த நேரத்து மனநிலைக்கு ஒரு அளவுகோல்.

ஆனால் முத்திரையை வைத்து ஆளை எடை போட முடியாது. யதார்த்தவாதத்தின் முகமாகக் கருதப்படும் ஹென்றி கிஸ்ஸிஞ்சர், சில நிபந்தனைகளோடு, போரை ஆதரித்தார். அந்த ஷுல்ட்ஸும் செப்டம்பரில் உடனே செயல்படச் சொல்லி எழுதினார். அவர் விஷயத்திலாவது 1984-லிருந்து ஒரு தொடர்ச்சி தெரிகிறது. தாராளவாதிகளின் பக்கம் பிளவு இன்னும் ஆழம். அக்டோபரில், போர் தொடுக்கும் அதிகாரத்தைப் புஷ்ஷுக்குக் கொடுப்பதா என்று காங்கிரஸ் வாக்களித்தபோது பிரதிநிதிகள் சபையில் 296–133, செனட்டில் 77–23. ஹிலாரி கிளின்டன், ஜான் கெர்ரி, ஜோ பைடன் மூவரும் அதிகாரம் கொடுக்கும் பக்கம். இல்லினாய்ஸ் மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா சிகாகோ கூட்டமொன்றில் இதை முட்டாள்தனமான போர் என்றார். அவருக்கு அப்போது தேசிய அளவில் வாக்கும் இல்லை, இழப்பதற்கு அதிகமும் இல்லை.

யதார்த்தவாதிகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவர்களுடைய கணக்கு நாட்டின் நலன், எதிரியின் பலம், அச்சுறுத்தல் என்ற மூன்றைச் சுற்றியே வந்தது. போகாதே என்று சொல்லத் தெரிந்தது. எப்படியும் போகத்தான் போகிறார்கள் என்று ஆன பிறகு, எப்படிப் போக வேண்டும் என்ற விவாதத்தில் அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போனது. 2002 அக்டோபருக்குப் பிறகு அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டியவர் பவல்.

பவல் வென்ற இடமும் விட்ட இடமும்

பவல் ஒரு விஷயத்தில் வென்றார். ஐ.நா. வழியாகப் போக வேண்டும் என்று புஷ்ஷைச் சம்மதிக்கவைத்தார். நவம்பர் 8 அன்று, இராக் ஆயுதச் சோதனைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்ற 1441-ஆம் தீர்மானம் பாதுகாப்பு அவையில் 15–0 என்று நிறைவேறியது, சிரியாகூட ஆதரித்தது. ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் மறுபடி இராக்குக்குள் போனார்கள். நடைமுறையில் கிடைத்த இந்த வெற்றி, உள்ளடக்கத்தில் அவருக்குத் தோல்வியாக முடிந்தது என்பது என் வாசிப்பு. விவாதம் முழுவதும் 'ஆயுதம் இருக்கிறதா இல்லையா' என்ற ஒற்றைக் கேள்விக்குள் அடைபட்டது. உயிர்நாடியான நலனா, கடைசி வழியா, படை அளவு இலக்குக்குப் பொருந்துகிறதா, வெளியே வருவது எப்படி என்ற அவருடைய சொந்தக் கேள்விகள் மேசைக்கே வரவில்லை. 2003 பிப்ரவரி 5 அன்று பாதுகாப்பு அவையில் ஒலிநாடா, செயற்கைக்கோள் படங்களோடு அரசின் வழக்கை வாதாடியவரும் அவரே ஆனார். அதில் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் பற்றிய பகுதி, பிற்பாடு பொய் என்று தெரிந்த ஓர் இராக்கிய அகதியின் வாக்குமூலத்தில் நின்றது. படையைப் பயன்படுத்துவதில் மிகக் கண்டிப்பான கோட்பாட்டுக்குப் பெயர் கொடுத்தவர், அந்தக் கோட்பாட்டை உரசிப் பார்க்காத ஒரு போருக்குத் தன் நம்பகத்தன்மையைக் கடனாகக் கொடுத்தார்.

பிரிட்டனில் விவாதம் கொஞ்சம் நேர்மையாக நடந்தது என்று சொல்லலாம். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், அப்போது அமைச்சரவையில் இருந்தவர், மார்ச் 17 அன்று ராஜினாமா செய்தார். மறுநாள் பிளேர் நாடாளுமன்றத்தில் 412–149 என்று வென்றார். அதற்குச் சற்று முன்பு நடந்த, போருக்கு எதிரான திருத்தத்தின் மீதான வாக்கெடுப்பில் அவர் சொந்தக் கட்சியில் 139 பேர் எதிராகப் போனார்கள்.

ஷின்செகியின் கணக்கு

ஷின்செகி 1990-களின் கடைசியில் பாஸ்னியாவில் நேட்டோ படைக்குத் தலைமை தாங்கியவர். போரை அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவருடைய எண்ணிக்கையை யாரும் போட்டுப் பார்க்கலாம். 1995 கடைசியில் பாஸ்னியாவுக்குப் போன நேட்டோ படை 60,000 பேர். அங்கே மக்கள்தொகை சுமார் 40 லட்சம். ஆயிரம் பேருக்கு 15 வீரர்கள். அதே விகிதத்தை 2.5 கோடி மக்கள் உள்ள இராக்குக்குப் போட்டால் 3,75,000. இத்தனைக்கும் பாஸ்னியாவில் சண்டை செய்தவர்கள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படை போனது. மத்திய கிழக்குக்கான அமெரிக்கத் தலைமையகம், ஜெனரல் அந்தோணி சின்னியின் காலத்தில், 1999-ல் நடத்திய போர்ப் பயிற்சி விளையாட்டும் 4 லட்சம் படையினரை வைத்தே ஆடப்பட்டது. அதாவது அந்தக் கணக்கு ராணுவத்துக்குள் பழைய கணக்கு.

அப்புறம் ஏன் அது அவ்வளவு கோபத்தைக் கிளப்பியது? அந்த எண் உண்மையானால் செலவு, காலம், ரிசர்வ் படையை அழைப்பது எல்லாம் மாறும், போரை விற்பது கஷ்டம் என்பது ஒரு காரணம். பட்ஜெட் குழுவின் முன்பு வுல்ஃபோவிட்ஸ் இதை மறுத்தது தற்செயல் கிடையாது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. சின்னப் படை போதும் என்பதில் வுல்ஃபோவிட்ஸும் ரம்ஸ்ஃபெல்டும் ஒன்றாக நின்றார்கள், ஆனால் இருவருடைய காரணங்களும் நேர் எதிரானவை. வுல்ஃபோவிட்ஸுக்கு, சர்வாதிகாரியை எடுத்துவிட்டால் மக்கள் தங்கள் அரசைத் தாங்களே அமைத்துக்கொள்வார்கள். இராக்கில் ஜனநாயகம் வேர் பிடிக்கும். அதற்கு வெளிநாட்டுக் காவல்காரர் லட்சக்கணக்கில் தேவையில்லை. ரம்ஸ்ஃபெல்டுக்கு, நாம் அங்கே தங்கப் போவதே இல்லை. பிப்ரவரி 14 அன்று, ஷின்செகியின் சாட்சியத்துக்குப் பதினொரு நாள் முன்பு, நியூயார்க்கில் பேசும்போது அவர் கொசோவோவை எச்சரிக்கையாகக் காட்டினார்: வெளிநாட்டுப் படை நீண்ட நாள் தங்கினால் உள்ளூர்க்காரர்கள் சார்ந்தே வாழப் பழகிவிடுவார்கள்.

ஒருவர் இராக்கையே புதிதாகச் செய்ய நினைத்தார். இன்னொருவர் சதாமை எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப நினைத்தார். எண்ணிக்கையில் ஒத்துப்போனதால் இலக்கில் ஒத்துப்போகவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு அதிபரோ, ரைஸ் இருந்த தேசப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியோ செய்ய வேண்டிய முதல் வேலை இதைக் கிளறிக் கேட்பதுதான். கேட்டிருந்தால் ஒன்று இலக்கு சுருங்கியிருக்கும், இல்லாவிட்டால் படை பெருத்திருக்கும். ஒருவேளை போரே நின்றிருக்கலாம்.

மே மாதத்தில் வந்த பில்

மார்ச் 20 அன்று தொடங்கிய படையெடுப்பில் பாக்தாத் ஏப்ரல் 9 அன்று விழுந்தது. அதுவரை ரம்ஸ்ஃபெல்டின் கணக்கு பிசகவில்லை. அன்றிலிருந்து சூறையாடல். அமைச்சகங்கள், மருத்துவமனைகள், தேசிய அருங்காட்சியகம். ஆயுதக் கிடங்குகளுக்குக் காவல் இல்லை. அதிலிருந்து போன வெடிபொருள் பிற்பாடு சாலையோரக் குண்டுகளாகத் திரும்பி வந்தது. எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் காவல் போட ஆள் இருந்ததை இராக்கியர்கள் கவனிக்காமல் இல்லை.

போருக்குப் பிந்தைய நிர்வாகத்துக்கான அலுவலகம் ஜனவரி 20 அன்றுதான் உருவாக்கப்பட்டிருந்தது. ஜே கார்னர் தலைமையில் சீக்கிரம் இராக்கியர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவது திட்டம். ரம்ஸ்ஃபெல்டின் போருக்குப் பொருத்தமான திட்டம். இராக் ராணுவத்தைக் கலைக்காமல் பயன்படுத்துவது என்றும் மார்ச்சில் முடிவாகியிருந்தது. மே 12 அன்று இராக்கை நிர்வகிக்கும் அமெரிக்க அதிகாரியாகப் பால் பிரெமர் வந்தார், திட்டம் தலைகீழானது. மே 16-ல் சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தினர் அரசு வேலைகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். மே 23-ல் ராணுவம் கலைக்கப்பட்டது. சில லட்சம் ஆயுதப் பயிற்சி பெற்ற ஆண்கள் சம்பளமும் மரியாதையும் இல்லாமல் வீதிக்கு வந்தார்கள். ராணுவம் ஏற்கெனவே கலைந்து வீட்டுக்குப் போய்விட்டது, அதைத் திரும்ப அழைத்தால் ஷியாக்களும் குர்துகளும் ஒத்துழைக்க மாட்டார்கள் என்பது பிரெமரின் தற்காப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இவை ஒரு நாட்டை அடியிலிருந்து மாற்றி அமைக்கும் ஆணைகள், ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 1945-ல் போட்ட வகை. அவற்றை அமல்படுத்த இருந்தவர்கள் சுமார் 1,50,000 பேர். ஆயிரம் இராக்கியருக்கு 6. பாஸ்னியா விகிதத்தில் பாதியைவிடக் குறைவு.

ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தில் ஐ.நா. தலைமையகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது; தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோவும் இறந்தார். 2004 அக்டோபரில், ஆயுதங்களைத் தேடிய அமெரிக்கக் குழுவின் தலைவர் சார்லஸ் டுயல்ஃபரின் அறிக்கை, 2003-ல் பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை என்று உறுதி செய்தது. 2006-ல் சமாராவில் ஷியாக்களின் புனித மசூதி தகர்க்கப்பட்ட பிறகு உள்நாட்டுப் போர். போர் முடிந்து படை வெளியேறிய 2011 டிசம்பருக்குள் அமெரிக்கர்கள் சுமார் 4,500 பேர் இறந்திருந்தார்கள். பதிவான இராக்கியக் குடிமக்களின் மரணம் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். யதார்த்தவாதிகள் 1991-லேயே பயந்தபடி, பாக்தாத்தில் ஈரானின் செல்வாக்கு ஏறியது.

2006 நவம்பரில் மத்திய கிழக்குத் தளபதி ஜான் அபிசைத் செனட்டில், ஷின்செகி சொன்னது சரி என்றார். அடுத்த மாதம் வெளியான ராணுவத்தின் கிளர்ச்சி எதிர்ப்புக் கையேடு, ஆயிரம் மக்களுக்குக் குறைந்தது 20 பேர் என்ற விகிதத்தைக் குறிப்பிட்டது. 2007-ல் ஐந்து கூடுதல் பிரிகேடுகளோடு புதிய களத் தளபதியாக டேவிட் பெட்ரேயஸ் போனார். அந்த வருடக் கடைசியில் எண்ணிக்கை 1,70,000 பக்கம் போயிற்று. வன்முறை குறைந்தது. கூடுதல் படையால் குறைந்ததா, அன்பார் மாகாணத்தில் சுன்னி இனக்குழுக்கள் அல் கொய்தாவுக்கு எதிராகத் திரும்பியதால் குறைந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இனக்குழுக்களின் திருப்பம் படை வருவதற்கு முன்பே தொடங்கியது என்பதால் படையை மட்டும் காரணமாகச் சொல்வோரை நான் நம்புவதில்லை. நேற்று வரை சுட்டவனோடு சம்பளம் பேசி ஒப்பந்தம் போட்டதற்கு எந்த ஜனநாயகக் கோட்பாடும் வழிகாட்டவில்லை, அது பச்சையான யதார்த்தவாதம்.

டெல்லிக்கு வந்த கேள்வி

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. ஆள் பற்றாக்குறை தெரியத் தொடங்கியதும் 2003 கோடையில் வாஷிங்டன், ஒரு டிவிஷன் அளவு, அதாவது சுமார் 17,000 பேரை அனுப்பும்படி டெல்லியைக் கேட்டது. மக்களவை ஏப்ரலில்தான் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் அரசுக்குள் யோசனை உண்மையாகவே நடந்தது. அமெரிக்காவோடு நெருக்கத்தை வேகப்படுத்த இது அரிய வாய்ப்பு, வளைகுடாவில் நம் நலன் பெரியது, வல்லரசாக வேண்டுமென்றால் பொறுப்பும் எடுக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. ஐ.நா. கொடி இல்லாமல் ஓர் ஆக்கிரமிப்புப் படைக்குத் துணைப்படையாகப் போவதா, காஷ்மீரில் இருக்கும் ராணுவத்திலிருந்து ஆளை எடுப்பதா என்றது இன்னொன்று. காங்கிரஸும் இடதுசாரிகளும் கடுமையாக எதிர்த்தார்கள். ஜூலை 14 அன்று வாஜ்பாய் அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு மறுத்தது: ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இருந்தால் யோசிக்கலாம் என்ற வாசலை மட்டும் திறந்து வைத்தது.

இந்திய ராணுவத்துக்கு இந்த விஷயத்தில் புத்தகப் பாடம் தேவையில்லை. 1987 ஜூலையில் இலங்கைக்குப் போன அமைதிப்படை, ஓர் உடன்படிக்கைக்குச் சாட்சியாக, ஆயுதங்களை வாங்கிக்கொண்டு திரும்பி வரும் எண்ணத்தில் சில ஆயிரம் பேரோடு இறங்கியது. அக்டோபரில் புலிகளோடு போர். எண்ணிக்கை அரை லட்சத்தைத் தாண்டியது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் கிளம்பியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரோடு இல்லை. தமிழ் மக்கள் கொடுத்த விலை தனி. இலக்கு மாறிக்கொண்டே போக, படை அதைத் துரத்திக்கொண்டு பெருத்த கதை அது. 2003-ல் டெல்லியில் முடிவெடுத்தவர்களுக்கு அந்த நினைவு மங்கியிருக்கவில்லை; பதின்மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

லிபியா

இராக்கிலிருந்து தாராளவாதத் தலையீட்டாளர்கள் ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்கள்: ஐ.நா. அனுமதி வாங்கு, கூட்டணியோடு போ, தரையில் காலை வைக்காதே. 2011 மார்ச் 17 அன்று லிபியாவுக்கான 1973-ஆம் தீர்மானம் 10 வாக்குகளோடு நிறைவேறியது. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. இலக்கு பென்காசி நகர மக்களைக் காப்பது என்று தொடங்கி, லிபியாவை ஆண்ட கடாஃபியை அகற்றுவது என்று வளர்ந்தது. படை வானத்திலேயே இருந்தது. அக்டோபர் 20 அன்று கடாஃபி கொல்லப்பட்டார். மூன்று வருடத்துக்குள் அந்த நாட்டில் இரண்டு அரசாங்கங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன.

2016 ஏப்ரலில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தன் பதவிக்காலத்தின் மிகப் பெரிய தவறு எது என்று ஒபாமாவிடம் கேட்டார்கள். லிபியாவில் அடுத்த நாளுக்குத் திட்டமிடாததாக இருக்கலாம் என்றார். உள்ளே போனது மட்டும் சரிதான் என்று தான் நினைப்பதாகவும் அதே வாக்கியத்தில் சொன்னார்.